தீக்காயக் கட்டு மாற்றுதல்: குழந்தையின் வலியும் அச்சமும்

முதல் முறை கட்டு மாற்றும்போது மிகுந்த வலியை உணர்ந்த குழந்தை, அடுத்த முறை கட்டைத் தொடுமுன்பே அஞ்சும். அச்சம் வலியை மேலும் கூட்டும். எனவே, வலியை முன்கூட்டியே தடுக்க வேண்டும்.

கட்டு மாற்றுமுன்
• மருத்துவர் எடைக்கேற்பக் குறித்த பாரசிட்டமால் மருந்தை 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் கொடுக்கவும். ஆஸ்பிரின் கூடாது.
• "வலிக்காது" எனக் கூற வேண்டாம். "கொஞ்சம் எரியும், அம்மா கூடவே இருக்கிறேன்" என உண்மையைக் கூறவும். ஊசியைக் காட்டி மிரட்டக் கூடாது.

கட்டு மாற்றும்போது
• குழந்தையை அழுத்திப் பிடிக்காமல் மடியில் அணைத்துக்கொள்ளவும்.
• ஒட்டிய துணியை இழுக்காமல், சலைன் நீரில் ஊறவைத்து எடுக்கச் செய்யவும்.
• சோப்புக் குமிழி ஊதுதல், கதை, பாட்டு ஆகியவை கவனத்தைத் திருப்பும்.
• வளர்ந்த குழந்தை கட்டின் ஓரத்தைத் தானே பிரிக்கலாம். கேட்கும்போது சிறிது இடைவெளி தரவும்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை
மருந்துக்குப் பின்னும் வலி அடங்காவிடில் தயங்காமல் தெரிவிக்கவும். வலுவான வலிநிவாரணியோ மயக்க மருந்தோ அளித்துக் கட்டு மாற்ற இயலும். அதற்கு முன் எவ்வளவு நேரம் உணவு தரக் கூடாது என்பதையும் கேட்டறியவும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு ஆகியவை தொற்றின் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

கொட்டிவாக்கம் உள்ளிட்ட சென்னைப் பகுதியினருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.