நோயாளியும் நுகர்வோர்தானா?

வணிகவியல் மாணவர்கள் வணிகச் சட்டத் தாளில் தவறாமல் படிக்கும் கோட்பாடு ஒன்று உண்டு. "வாங்குபவரே, விழிப்பாக இரு!" என்பதே அது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையை ஒதுக்கலாம். சரி, மயக்க மருந்து கொடுக்கப்பட்டு ஆபரேஷன் டேபிளில் கிடப்பவர் எதைப் பார்த்து விழிப்பாக இருப்பது?

இந்தக் கேள்விக்குக் கதவைத் திறந்தது 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளுக்கு மட்டுமல்ல, சேவையில் குறை இருந்தாலும் நஷ்டஈடு கேட்கலாம், வக்கீல் இல்லாமலே வாதாடலாம் என்றது அது. ஆனால் அதிலேயே இரண்டு விலக்குகள் இருந்தன. இலவச சேவை இதில் வராது. முதலாளி - வேலைக்காரர் முறையிலான ஊழியமும் வராது.

சென்னையில் தோல்வி, டெல்லியில் வெற்றி

மருத்துவ சிகிச்சையும் 'சேவை'தான் என்று தேசிய ஆணையம் 1992-ல் சொன்னது. மருத்துவர்கள் ஏற்கவில்லை. எங்களுடையது புனிதமான தொழில், அதைக் கடைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது அவர்கள் வாதம். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. டாக்டர் நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருவது இச்சட்டப்படி சேவை ஆகாது, நோயாளி நுகர்வோரும் ஆகமாட்டார் என்றது.

ஒரே சட்டம், இரண்டு அர்த்தம்! குழப்பத்தைத் தீர்த்தது 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு (இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி.சாந்தா). டாக்டர் நோயாளியின் வேலைக்காரர் அல்ல, எனவே ஊழியம் என்ற விலக்கு அவருக்குப் பொருந்தாது என்று சொல்லி, மருத்துவமனைகளை மூன்றாகப் பிரித்தது.

1. எல்லோரிடமும் கட்டணம் வாங்கும் இடம்: சட்டம் பொருந்தும்.
2. சிலருக்குக் கட்டணம், ஏழைகளுக்கு இலவசம்: இலவச நோயாளிக்கும் பொருந்தும்.
3. எல்லோருக்கும் இலவசம்: பொருந்தாது. பதிவுக்காக வாங்கும் சிறு தொகை கட்டணம் ஆகாது. வரி கட்டுகிறோமே என்ற வாதமும் எடுபடவில்லை.

வடசென்னைக்கு இதில் என்ன?

நிறையவே இருக்கிறது. தண்டையார்பேட்டையில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆட்டோ ஸ்டான்லிக்குத்தான் போகும். அங்கே இலவச சிகிச்சை பெறுபவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்ல. தனியாருக்குப் பணம் கட்டியவருக்கு இருக்கும் சுலபமான வழி, பணமே இல்லாதவருக்கு இல்லை!

ஆனால் அதே தெருவில் கம்பெனி வேலைக்குப் போகும் தொழிலாளியின் நிலை வேறு. ஹரியானாவின் சோனிபத்தில் ஒரு தொழிலாளியின் மனைவிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்று தொடர்ந்த வழக்கு தேசிய ஆணையத்தில் தோற்றது. 2007-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்துகிறார்கள், ஆகவே அது இலவசம் அல்ல என்பதே காரணம். 2019 ஜூலை முதல் சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. சம்பளச் சீட்டில் கழியும் அந்தச் சின்னத் தொகையே அவரை நுகர்வோர் ஆக்குகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

முற்றிலும் இலவச சிகிச்சை பெற்றவருக்கு எல்லாக் கதவும் மூடவில்லை. அரசு மருத்துவமனையின் அலட்சியத்துக்காக சிவில் நீதிமன்றம் போகலாம். 2000-ல் ஹரியானா வழக்கொன்றில் அரசே நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன, அந்த வழி நீளமானது, செலவும் அதிகம்.

இன்று

2020 ஜூலை முதல் 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. புதிய சட்டத்தில் மருத்துவர்கள் வரமாட்டார்கள் என்ற வாதத்தையும் 2022-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகவே பில், டிஸ்சார்ஜ் சம்மரி, இ.எஸ்.ஐ. அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் யார் என்ற கேள்விக்கு ஆணையத்தில் பதில் சொல்லப் போவது அந்தத் துண்டுச் சீட்டுகள்தான்.