மரியாதை என்னும் வழு

போளூர்ப் பக்கம் போகிறவர்களின் கண்ணில் படாமல் இருக்காது பர்வதமலை. சங்க இலக்கியமான மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை இதுதான் என்பது அறிஞர்கள் கணிப்பு. செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைத் தேடி, யாழும் முழவுமாகக் கூத்தர்கள் ஏறி இறங்கிய மலை நாடு. அந்தக் காலத்துப் புலவர்கள் அரசன் முன்னால் நின்று 'நீ' என்றே பேசினார்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. ஆள் ஒருவர் என்றால் நீ, பலர் என்றால் நீயிர். முடிசூடிய மன்னனும் ஒரே ஆள்தானே! கணக்கு அத்தனை சுத்தமாக இருந்தது. அதைக் கெடுத்தவர்கள் புலவர்கள் அல்ல.

தெருவில் பேசிய சனங்கள்தான் கெடுத்தார்கள். வந்தது ஒருவராக இருந்தாலும், பெரியவர் என்றால் 'வந்தான்' என்று சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. 'வந்தார்' என்றார்கள். பலரைக் குறிக்க இருந்த சொல்லை ஒருவர் தோளில் சால்வையாகப் போர்த்தினார்கள். இது தொல்காப்பியரின் காதில் விழுந்தது. ஒருமை பன்மையில் கறாரானவர் என்ன செய்தார்? ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண வழியில் வராது என்று தீர்ப்பு எழுதினார். ஆனால் உயர்த்திச் சொல்லும் சொல்லாக உலக வழக்கில் இருக்கிறது என்று அதே நூற்பாவில் பதிவும் செய்தார். தடுக்கவில்லை. கதவு கொஞ்சம் திறந்தது. அதன் வழியாக யார் யாருக்கு உள்ளே இடம் கிடைத்தது என்பதைக் கல்லில் பார்க்க முடியும்.

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. அவற்றில் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். வாணகோ அரசரின் உறவினர் பொற்றொக்கையாரிடம் இருந்த இளமகன் கருந்தேவகத்தி, எருமைகளைக் காக்கப் போய் உயிர் விட்டான். அவனுக்குத்தான் அந்தக் கல். கள்ளனைக் கடித்த கோவிவன் என்ற நாயும் அவன் பக்கத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரைக்கூட மறக்காமல் வெட்டிய கை எவ்வளவு ஈரமான கை! ஆனால் அந்தக் கை, தலைவன் பெயரின் கடைசியில் 'ஆர்' போட்டது. செத்த வீரனுக்குப் 'பட்டான்' என்று முடித்துவிட்டது. கல் அவனுக்கு, 'ஆர்' இன்னொருவருக்கு. அந்தக் கல்லைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த இடம் என்னை உறுத்துகிறது. 'ஆர்' மேலே இருந்தவர்களின் சொத்தாக இருந்த காலம் அது.

இதற்குள் வேறொரு சிக்கல் முளைத்தது. 'அவர்' என்பது மதிப்புக்குரிய ஒருவரைக் குறிக்கத் தொடங்கியதும், உண்மையிலேயே பலர் வந்து நின்றால் எப்படிச் சொல்வது? பன்மைச் சொல்லை மரியாதைக்குக் கொடுத்துவிட்ட மொழியின் கையில் பன்மை குறைந்துபோனது. உதவி வந்த இடத்தை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

அது மாட்டுக்கொட்டகையில் இருந்து வந்தது. 'கள்' என்ற விகுதியைத் தொல்காப்பியர் அஃறிணைக்கே ஒதுக்கியிருந்தார். மாடுகள், மரங்கள், கற்கள். மனிதர்களுக்கு அது கிடையாது. அந்தக் 'கள்' மெல்ல வரப்பைத் தாண்டியது. திருக்குறளிலேயே 'பூரியர்கள்' என்று, கீழ்மக்களைச் சொல்லும் இடத்தில் அது மனிதர்மேல் ஒட்டியிருக்கிறது. பிறகு 'அவர்' மேலும் ஏறி 'அவர்கள்' ஆனது. ஏற்கெனவே பன்மையான ஒரு சொல்லுக்கு இன்னொரு பன்மை! பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 'கள்' என்பதை மனிதர்களுக்கும் உரிய விகுதியாக ஏற்றுக்கொண்டார். உயர்வு கருதிப் பால் மாறிச் சொன்னால் இழுக்கில்லை என்றும் விதி செய்தார். இலக்கணத்தில் இதற்கு வழுவமைதி என்று பெயர். பிழைதான், ஆனால் பொறுத்துக்கொள்ளப்பட்ட பிழை. பன்மைப் பஞ்சம் தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டிருக்கலாம். சனங்கள் விடவில்லை.

'அவர்கள்' என்ற புதுப் பன்மையையும் எடுத்து ஒற்றை ஆளுக்கே சூட்டினார்கள். முன்னிலையிலும் இதே ஓட்டம். பலருக்கான 'நீர்' ஒருவருக்கான மரியாதை ஆனது. சுந்தரர் திருவாரூர் இறைவனோடு சண்டை போட்டபோதுகூட, 'ஈர்' என்று முடியும் பன்மையில்தான் போட்டார். அடுத்து 'நீம்' என்ற பழைய வடிவத்தோடு 'கள்' சேர்ந்து 'நீங்கள்' பிறந்தது. அதுவும் கொஞ்ச காலம் பலரைக் குறித்துவிட்டு ஒருவருக்கு மரியாதையாகப் போய்ச் சேர்ந்தது.

உலகத்தின் இன்னொரு மூலையிலும் இந்தக் கதை நடந்தது. ஆங்கிலத்தில் முன்பு 'யூ' பன்மை, 'தௌ' ஒருமை. பெரிய மனிதர்களுக்குப் பன்மை கொடுக்க ஆரம்பித்து, கடைசியில் ஒருமையே வழக்கொழிந்து, அரசிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே 'யூ' என்றானது. நார்வேக்காரர்கள் 'அவர்கள்' என்று பொருள்படும் 'டீ' என்ற சொல்லையே மரியாதையான 'நீங்கள்' ஆக வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அது வழக்கில் இருந்து தேய்ந்தது. இன்று அங்கே முன்பின் தெரியாதவரையும் 'டூ', அதாவது 'நீ' என்றே அழைக்கிறார்கள். மரியாதையைச் சமன்படுத்த ஆங்கிலம் எல்லோரையும் மேலே ஏற்றியது. நார்வே எல்லோரையும் ஒரே படிக்கு இறக்கியது. தமிழ் இரண்டையும் செய்யவில்லை.

தமிழ் அந்தக் 'கள்' விகுதியைக் கழற்றி எடுத்தது. 'வாரும்' என்பதே மரியாதைதான். அதோடு 'கள்' சேர, 'ம்' போய் 'ங்' வர, 'வாருங்கள்' ஆனது. பேச்சு அதைத் தேய்த்து 'வாங்க' ஆக்கியது. இவ்வளவு நாளும் அது வினையோடோ ஆளைக் குறிக்கும் சொல்லோடோ ஒட்டியே வாழ்ந்தது. ஒரு கட்டத்தில் அந்த வால் மட்டும் தனியே கழன்றது. 'சரி' என்பது வினையும் அல்ல, ஆளும் அல்ல. ஆனாலும் 'சரிங்க' என்றார்கள். 'இல்லீங்க', 'ஆமாங்க', 'என்னங்க' என்றார்கள். பேசப்படும் பொருள் எதுவானாலும், கேட்கிறவருக்கு ஒரு வணக்கம் போல அது கடைசியில் வந்து நின்றது.

அந்த இரண்டு எழுத்துத்தான் 'ங்க'.

போளூர் பஸ் நிலையத்தில் ஜமுனாமரத்தூர் போகும் வண்டியில், தலைச்சுமையோடு ஏறும் மலைக்கிராமத்துப் பாட்டிக்கும் 'ஏறுங்க'தான், பட்டணத்தில் இருந்து வந்த அதிகாரிக்கும் 'ஏறுங்க'தான். அந்தப் பாட்டியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும்போது 'அவங்க'. எழுத்தில் பெண்ணுக்கும் 'அவர்' உண்டு. பேச்சில் பெண்ணுக்கு உரிய மரியாதை இந்த 'அவங்க'தான். பெரிய வீட்டுக்கு மட்டும் என்று இருந்த பன்மை, டிக்கெட் வாங்கும் எவருக்கும் ஆனது. இன்னும் சில ஊர்களில் சாதி பார்த்து இதைத் தர மறுக்கும் வாய்கள் இருக்கின்றன. அது மொழியின் குற்றம் அல்ல. ஒலிக்க அரை நொடி ஆகும் இந்த 'ங்க'வைக்கூடத் தராதவன் வேறு எதைத் தருவான்?

எடுத்தனூர்க் கல்லில் இருப்பவன் கதையை இந்தப் பக்கத்துப் பேச்சில் இன்று சொன்னால், அது இப்படித்தான் வரும்: "எருமைய காப்பாத்தப் போயி உயிர உட்டாருங்க." கேட்பவருக்கு ஒரு 'ங்க'. அதற்கு முன்னால், 1,400 ஆண்டுகளுக்கு முன்பு உளி தராத அந்த 'ஆர்', கருந்தேவகத்திக்கு.