கோலும் கத்தியும்: மணிக்கட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் விதிகளின் வரலாறாகவும் வெற்றியாளரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைப் பற்றும் கையின் வரலாறு அதனுள் அரிதாகவே இடம்பெறும். இக்குறையை உணர்த்தத் தக்க சான்று பில்லியட்ஸ் ஆட்டமாகும். யட்டியாந்தோட்டை போன்ற இறப்பர் நிலத்திலிருந்து நோக்குமிடத்து, அவ்வரலாறு ஆடுமேசையோடு முடிந்துவிடுவதில்லை என்பதும் புலனாகும்.

தொடக்க காலத்தில் ஐரோப்பியர் தட்டையான தலையுடைய தடியொன்றினாற் பந்தைத் தள்ளியே ஆடினர். மேசையின் விளிம்பை ஒட்டிக் கிடந்த பந்தை அடிக்க அத்தலை இடையூறாயிற்று. ஆதலின் தடியைத் திருப்பி அதன் வாற்புறத்தால் அடிக்கலாயினர். வால் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே பின்னர் ஆட்டக்கோலுக்குக் 'கியூ' என்னும் பெயரை ஈந்தது. இம்மாற்றத்தோடு தோளின் வேலை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான மிங்கோ கோலின் நுனியிலே தோல் பொருத்தினார். பந்தை வேண்டியவாறு சுழலச் செய்தல் அதனாற் கைகூடிற்று. இலண்டனில் ஜோன் தர்ஸ்டன் 1826இல் கற்பலகைத் தளத்தையும் 1835இல் இறப்பர் விளிம்பையும் புகுத்தினார். குளிரில் இறுகிப்போன அவ்விறப்பர், கந்தகமூட்டிப் பதப்படுத்தும் முறை தோன்றிய 1840களிலேயே சீர்பெற்றது. தளமும் விளிம்பும் செம்மையுறவே, எஞ்சிய பிழை பெரிதும் கையின் பிழையாயிற்று.

செம்மையான பிடியின் இலக்கணம் எளிது. கைவரப் பெறுதலே அரிது. முன்னங்கை முழங்கையிலிருந்து நேர்கீழாகத் தொங்கவேண்டும். மணிக்கட்டு உள்ளும் புறமும் திரும்பாது முன்னங்கையோடு ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலுமே கோலைத் தாங்க, ஏனைய விரல்கள் கோல் பின்வாங்கும்போது தளர்ந்து முன்செல்லும்போது கூடவேண்டும். இறுகப் பற்றிய கை கோலின் வழியைக் கோணச் செய்துவிடும்.

இவ்வாட்டம் ஆங்கிலேயருடன் கீழைநாடுகளின் மலைவாழிடங்களுக்கு வந்தது. 1875இல் ஜபல்பூரில் உருவான ஸ்நூக்கரின் விதிகள் 1882இல் உதகமண்டலச் சங்கத்தில் வரையறுக்கப்பட்டன என்பர். நுவரெலியாவில் 1876இல் நிறுவப்பெற்ற ஹில் கிளப்பிலும் பில்லியட்ஸ் கூடம் அமைந்தது. அதே 1876இலேதான் இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் களனிப் பள்ளத்தாக்கின் சரிவுகளில் இறப்பர் பரவியது. 1903இல் குறுகிய இருப்புப்பாதை யட்டியாந்தோட்டையை எட்டியது.

அச்சரிவுகளிலே வேறொரு மணிக்கட்டு பயிற்சி பெற்றது. பொழுது புலரும் வேளையில், பாலோட்டம் மிகுந்திருக்கும்போது, தொழிலாளர் மரத்தண்டை சென்று இடமேலிருந்து வலக்கீழாகச் சரியும் வெட்டினைப் புதுப்பிப்பர். ஒருமுறை நீக்கப்படும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பே. கத்தி ஆழ்ந்து செல்லாவிடிற் பால் குறையும். சற்றே மிகுந்து மாறிழையத்தைத் தீண்டினால், மீள வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பின்னர் வெட்டுதற்கு இடர் தரும். இங்கும் கத்தியை இறுகப் பற்றுதல் குற்றமே. உடல் மரத்தைச் சுற்றி நகர, கை அந்நகர்வை ஏற்க, மணிக்கட்டு ஆழத்தைக் காக்கும்.

1973இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபீர் வாகை சூடினார். உலகப் பட்டம் ஒன்றை வென்ற முதல் இலங்கையர் அவரே. ஆட்சியாளரின் ஆட்டமாக வந்த ஒன்றில் இந்நாட்டவர் ஒருவரின் கை முதலிடம் பெற்றமை வரலாற்றில் உரிய இடத்தைப் பெற்றுள்ளது.

பால்வெட்டும் கைக்கோ அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. தோட்டத்துச் செக்ரோலிற் பதிவானவை பெயரும் நாளும் இறாத்தலுமே. வெட்டின் நேர்த்தியைக் குறிக்கும் பத்தி அதிலே இருக்கவில்லை. ஆழ வெட்டிய பிழை மட்டும் கண்டிப்புக்கு உள்ளாயிற்று. மில்லிமீற்றர் அளவிற் கையை அடக்கியாளும் ஆற்றலுக்கு, மேசையருகே கலை என்றும் மரத்தருகே உடலுழைப்பு என்றும் பெயர் வழங்கியமைக்கு, ஆற்றலின் வேறுபாடு காரணமன்று. அதனை உடையார் நின்ற இடத்தின் வேறுபாடே காரணம். மலையக வரலாற்றை எழுதப் புகுவோர் குடியேற்றத்தையும் கூலியையும் ஆராய்வதோடு, இக்கைத்திறனையும் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். மீள வளர்ந்த பட்டையின் வழவழப்பில் அத்திறன் தன் சான்றை விட்டுச் சென்றுள்ளது. அம்மரங்கள் முதிர்ந்து வெட்டி வீழ்த்தப்படும்போது அச்சான்றும் அவற்றோடு அழிந்துவிடும்.