கோல்ஃப்: பந்தை அடிக்கும் முன்பே ஷாட் எப்படிக் கெட்டுப்போகிறது?

ஆபீஸில் 'கோல்ஃப் டே' என்று மெயில் வருகிறது. நீங்களும் பேர் கொடுத்துவிட்டீர்கள். டிரைவிங் ரேஞ்சுக்குப் போய் ஓங்கி ஒரு சுத்து சுத்தினால், பந்து நேராகக் கிளம்பி அப்படியே வலப்பக்கம் வளைந்து போகிறது. உடனே யூடியூபில் 'ஸ்விங்' என்று தேடுவோம். ஆனா, பெரும்பாலும் கோளாறு ஸ்விங்கில் இல்லை. அதற்கு முன்னாடி நீங்கள் நின்ற விதத்திலும் பிடித்த பிடியிலும்தான் இருக்கிறது.

(இங்கே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.)

முதலில் கிரிப். பென் ஹோகன் 1957-ல் எழுதிய புகழ்பெற்ற கோல்ஃப் பாடநூல் இதிலிருந்துதான் தொடங்குகிறது. இடது கை மேலே, வலது கை கீழே. கிளப் உள்ளங்கையில் உட்காரக் கூடாது. விரல்கள் தொடங்கும் இடத்தில் குறுக்காகப் படிய வேண்டும். குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு முட்டிகள் தெரியணும். ஒன்றுகூடத் தெரியவில்லையா? அப்போ பந்தைத் தொடும் நேரத்தில் கிளப் முகம் வலப்பக்கம் திறந்தே இருக்கும். அந்த வளைவுக்குப் பெயர் 'ஸ்லைஸ்'. புதிதாக ஆடுபவர்களில் பலரைப் படுத்துவது இதுதான்.

கிரிக்கெட் ஆடி வளர்ந்த நமக்கு இன்னொரு சிக்கல்: கீழ்க்கையால் இறுக்கிப் பிடித்துத் தூக்கி அடிக்கும் பழக்கம். கோல்ஃபில் இறுக்கினால் மணிக்கட்டு மடங்காது, வேகமும் வராது. கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பது மாதிரி பிடியுங்க. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது.

அடுத்தது, எங்கே பார்த்து நிற்கிறீர்கள் என்பது. 5 டிகிரி தவறாக நின்றாலே, 200 மீட்டர் தூரத்தில் பந்து சுமார் 17 மீட்டர் தள்ளி விழும். ரயில் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்க. பந்தும் இலக்கும் ஒரு தண்டவாளத்தில். உங்கள் பாதம், இடுப்பு, தோள் எல்லாம் இணையான இன்னொன்றில். ஜாக் நிக்லாஸ் பந்துக்குப் பின்னால் நின்று, இலக்கை நோக்கிய கோட்டில் சில அடி தூரத்தில் ஒரு புல்லையோ இலையையோ அடையாளம் வைத்துக்கொள்வார். முதலில் கிளப் முகத்தை அந்த அடையாளத்துக்கு நேராக வைத்துவிட்டு, பிறகு கால்களை வையுங்கள். நாம் செய்வது தலைகீழ்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று பலர் கால்களை இடப்பக்கம் திருப்பி நிற்பார்கள். கிளப் இன்னும் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். ஸ்லைஸ் இன்னும் மோசமாகும்.

பந்து இருக்க வேண்டிய இடம் கிளப்பைப் பொறுத்தது. டிரைவர் என்றால் இடது குதிகாலுக்கு நேராக, டீ மேல்; கிளப் மேலே ஏறும்போது அடிக்க வேண்டும். சின்ன அயர்ன் என்றால் இரண்டு கால்களுக்கும் நடுவில். கிளப் இறங்கும்போதே பந்தைத் தொடும். கால்களின் அகலமும் அப்படித்தான், டிரைவருக்கு அதிகம், சின்ன கிளப்புக்குக் குறைவு.

கடைசியாக, முதுகு. நாள் முழுக்க லேப்டாப் முன்னால் கூனி உட்கார்ந்தவர்கள் பந்து முன்னாலும் அப்படியே நிற்கிறார்கள். வளைந்த முதுகோடு வேகமாகத் திரும்பினால் அடிமுதுகு தாங்காது. கோல்ஃபில் அதிகம் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று. இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள், முதுகு நேராக இருக்கட்டும், முழங்கால் லேசாக மடங்கட்டும். கைகள் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கினால் தூரம் சரி.

இதையெல்லாம் பழக மைதானம்கூட வேண்டாம், வீட்டுக் கண்ணாடி போதும். ரேஞ்சில், இலக்குக் கோட்டுக்குப் பின்னால் போனை நிறுத்தி வீடியோ எடுத்தால் தோள் எங்கே பார்க்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் கிளப்பைச் சுழற்றும் முன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்க.