'ஊர்' என்னும் சொல்லும் சிங்கப்பூர்த் தமிழரின் இடப்பெயர்வும்

தெம்பனிஸ் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் இரு தமிழர் முதன்முறை சந்தித்தால், "உங்களுக்கு எந்த ஊர்?" என்னும் வினா விரைவில் எழும். ஒருவர் "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பார். மற்றவர் "இதே ஊர்தான்" என்பார். இரண்டும் மெய்யான விடைகளே. ஒரு சொல் இவ்வாறு இரு திசைகளைச் சுட்டுவதற்கான காரணத்தை நாம் அகராதியில் காண இயலாது. இடப்பெயர்வின் வரலாற்றில்தான் காண வேண்டும்.

1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையை நாம் அறிவோம். 1825 முதல் இந்தியக் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். சாலைகளும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்களது உழைப்பில் எழுந்தன. பின்னர் வந்த வணிகருள்ளும் துறைமுக, நகராட்சித் தொழிலாளருள்ளும் பலர் நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் வரவில்லை. ஆடவர் இங்கு உழைத்தனர். குடும்பம் அங்கு இருந்தது. 'ஊருக்குப் போதல்' என்றால் கப்பலேறுதல் என்றே பொருள்.

1957ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒரு தெரிவை முன்வைத்தது. இந்நாட்டுக் குடியுரிமை பெறுமாறு 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழரை வற்புறுத்தினார். பலர் பதிந்துகொண்டனர், பலர் தயங்கினர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் பலர் தாயகம் திரும்பினர். 1957இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய 9 விழுக்காடாக இருந்த இந்தியர், 1980இல் 6.4 விழுக்காடாகக் குறைந்தனர். 1990களுக்குப் பின் தகவல் தொழில்நுட்பம் முதலிய துறைகளுக்குப் புதியவர்கள் வந்தனர். 2010இல் அவ்விகிதம் 9.2ஐ எட்டியது.

இத்தகைய இருவழிப் பெயர்வு நமக்கு மட்டும் உரியதன்று. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், கசகஸ்தானிலிருந்து ஜெர்மானியர் பெருந்திரளாக ஜெர்மனிக்குச் சென்றனர்; மங்கோலியா, சீனா முதலிய நாடுகளிலிருந்து கசக்கியர் அங்கு வந்து சேர்ந்தனர். சீனாவிலிருந்து வந்தோர் தம் மொழியை அரபு வரிவடிவில் எழுதிப் பழகியவர்கள். உள்நாட்டார் சிரிலிக் வரிவடிவில் எழுதியவர்கள். தாய்மொழி ஒன்றாயினும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத் தடுமாறினர். ஆட்கள் வந்து சேர்வதால் மட்டும் ஒரு மொழிச் சமூகம் உருவாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

நம் நிலையும் அதனையே உணர்த்துகிறது. 2010க்கும் 2020க்கும் இடையே இந்தியர் விகிதம் ஏறத்தாழ மாறவில்லை. ஆனால் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5ஆகக் குறைந்தனர். வந்தோரில் பிற இந்திய மொழியினரும் உளர்; தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஆங்கிலத்துக்கு மாறியுள்ளன. இக்கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே உள்ளடக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவைத் தமிழால் நிரப்பும் வேலை அனுமதித் தொழிலாளர் இதில் சேரார்.

லிட்டில் இந்தியாவில் தெருவே மொழியைக் காத்தது. தெம்பனிஸில் அத்தகைய தெரு இல்லை. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் எல்லா இனத்தாரும் கலந்து வாழ்கிறோம். அண்டை வீட்டாருடன் இணங்கி வாழ இது பெரும்பேறு. எனினும் இங்கே தமிழுக்கு எஞ்சும் இடங்கள் வீடும் வகுப்பறையுமே.

ஆதலின் வகுப்பறையில் நாம் செய்யத்தக்க எளிய பணி ஒன்றுண்டு. 'ஊர்' என்றால் எது என்று தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிவர மாணவரைப் பணிக்கலாம். பல தலைமுறையாக இங்கு வாழும் வீட்டுக் குழந்தையும் சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்த குழந்தையும் அவ்வேடுகளை மாற்றிப் படிக்கட்டும். ஒருவர் தமிழை மற்றவர் குறை கூறுவதற்கு முன், அத்தமிழ் வந்த வழியை அறிந்துகொள்வர்.