காரீய பாட்டரி ஏன் சாகிறது?

மோட்டார் காரின் பாட்டரி சில ஆண்டுகளிலேயே ஏன் செயலிழக்கிறது என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. விடையை 1859-ஆம் ஆண்டில் தேட வேண்டும். அவ்வாண்டு பிரெஞ்சுப் பௌதிக அறிஞர் காஸ்டன் பிளாண்ட்டே இரு காரீயத் தகடுகளைப் பாய்போல் சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மின்னேற்றியதும் ஒரு தகட்டின்மீது காரீய ஈராக்சைடு உண்டாயிற்று. மின்னிறக்கத்தில் இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிந்தது. மீண்டும் ஏற்றலாம்! ஆனால், தகடுகளைப் 'பழக்க' மாதக்கணக்காயிற்று. 1881-இல் காமில் ஃபோர் காரீய ஆக்சைடுப் பசையைப் பூசி அக்காத்திருப்பை ஒழித்தார். பசையோ உதிர்ந்தது. எனவே சன்னல் கம்பிபோன்ற காரீயச் சட்டங்களும், அவற்றுக்கு உறுதிதர ஆன்டிமனியும் வந்தன.

1912-இல் காடிலாக் கார்களில் கெட்டரிங்கின் மின்முடுக்கி இடம்பெற்ற பின், பாட்டரி காருக்கு இன்றியமையாததாயிற்று. ஆன்டிமனியோ நீரை வாயுவாக்கி வீணாக்கியது. காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 1935-இல் பெல் ஆய்வுக்கூடத்து ஹேரிங், தாமஸ் இருவரும் தொலைபேசி நிலையப் பாட்டரிகளுக்காகக் கால்சியம் கலந்த சட்டத்தை அறிவித்தனர். கார்களுக்கு அது வர 1970-கள் ஆயின.

ஆயினும் சாவு தப்பவில்லை. பிளாண்ட்டே விரும்பிச் செய்த அதே வினை, ஒவ்வொரு மின்னேற்றத்திலும் நேர்மின் சட்டத்தையே சிறிது சிறிதாக ஈராக்சைடாக்கி அரிக்கிறது. வெப்பம் இதனை விரைவுபடுத்தும்.

புதிது வாங்குவோர் ஆம்பியர்-மணியைப் பார்க்கின்றனர். தயாரித்த தேதியைப் பார்ப்பதில்லை. மின்னேற்றமின்றி நெடுநாள் கடையில் கிடந்த பாட்டரியில் சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு ஏற்றினாலும் முழுவதும் மாறாது. பௌதிகம் படித்த நானே அப்படி ஒன்றை வாங்கினேன். ஒன்பதே மாதம் உழைத்தது.