ஜுருவில் நின்று ஒரு விழுக்காட்டைப் பார்த்தல்

கோலாலம்பூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கி வருவோர், ஜுரு டோல் சாவடியை அடுத்து ஆட்டோ சிட்டியைக் காண்பர். கார் விற்பனைக் கூடங்களுக்கென எழுந்து, பின்னர் உணவகங்களாலும் பெயர்பெற்ற இடம் அது. நாட்டின் உற்பத்தித் துறையில் ‘இயந்திரங்களும் போக்குவரத்துக் கருவிகளும்’ பெறும் பங்கு இத்தனை விழுக்காடு என்று படிக்கும் மாணவர், அங்கு நிற்கும் கார் வரிசையைத்தான் மனத்திற் கொள்வார். ஆனால் அவ்வண்டிகளுள் ஒன்றுகூட ஜுருவின் உற்பத்தியாகக் கணக்கில் ஏறாது. விற்பது வணிகம், உற்பத்தி அன்று. பினாங்கு மாநிலம் அந்த விழுக்காட்டிற்கு அளித்துவரும் பங்கில் பெரும்பகுதி, சக்கரமும் பல்லிணையும் இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் பொருள்களால் ஆனது. அவை மின்னணுச் சில்லுகளும் அவற்றைச் சார்ந்த கருவிகளும் ஆகும்.

பொருளியல் நமது துறை அன்று. எனினும் ஒரு சொற்றொடர் எதனைத் தழுவுகிறது, எதனை விலக்குகிறது என்று வினவுவது மொழியியலாரின் கடமையே. உலக வங்கியின் அட்டவணைகளில் இத்தொடர் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த தொழிற் பகுப்பின் மூன்றாம் திருத்தத்தைச் சார்ந்து நின்றது. அதன்படி 29, 30, 32, 34, 35 ஆகிய ஐந்து பிரிவுகளின் கூட்டே ‘இயந்திரங்களும் போக்குவரத்துக் கருவிகளும்’ ஆகும். 29 பொதுவான இயந்திரங்கள். 30 அலுவலக இயந்திரங்களும் கணினியும். 32 வானொலி, தொலைக்காட்சி, தகவல் தொடர்புக் கருவிகள். 34 மோட்டார் வண்டிகள். 35 கப்பல், இரயில், விமானம் போன்ற ஏனைய ஊர்திகள். சில்லு 32ஆம் பிரிவிற்குள் அடங்கியிருந்தது. மின் மோட்டார், மின்மாற்றி, மின்கலம் முதலியன அடங்கிய 31ஆம் பிரிவு இக்கூட்டில் இடம்பெறவில்லை. சுழலும் மோட்டார் வெளியே நிற்க, அசையாத சில்லு உள்ளே அமர்ந்திருக்கும் விந்தையை எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பும் தானாகக் காட்டிவிடாது.

‘எந்திரம்’ வடமொழி யந்திரத்தின் தமிழ் வடிவம்; ஆயினும் தமிழில் அதற்கு நெடிய வாழ்வு உண்டு. ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் அது கரும்பு பிழியும் ஆலையைக் குறித்து வருகிறது. இக்குறிப்பு ஜுருவைச் சூழ்ந்த நிலத்தோடு நமக்கு எதிர்பாராத உறவு கொண்டது. அந்நாளில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பரவின. அவற்றில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். நீராவியால் இயங்கிய ஆலைகள் அங்கு இருந்தன. ஆனால் அங்கு விளைந்த பொருள் சர்க்கரை. இன்றைய பகுப்பில் அது உணவுப் பொருள். இயந்திரத்தால் செய்வது வேறு, இயந்திரத்தைச் செய்வது வேறு. விழுக்காடு பின்னதை மட்டுமே எண்ணும்.

அடுத்து வந்த ரப்பரும் அவ்வாறே வேறு பிரிவிற்குச் சென்றது. பிறையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாட்டா உருக்காலையைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பால் வற்றிய ரப்பர் மரங்களைக் கரியாக்கி, அக்கரியைக் கொண்டு அவ்வாலையில் இரும்பு உருக்கினர். நம் முன்னோர் பால் வெட்டிய மரங்களே உலைக்கு எரிபொருளாயின என்பதை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர் மிகச் சிலரே. அந்த இரும்பும் ‘அடிப்படை உலோகம்’ என்ற 27ஆம் பிரிவிற்கு உரியது. ஆகவே இயந்திரக் கணக்கில் அதற்கும் இடமில்லை.

மாற்றம் 1969க்குப் பின் வந்தது. அவ்வாண்டு பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை மிகுந்திருந்தது. முதலமைச்சராக வந்த லிம் சோங் யூவின் ஆட்சியில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் வரியில்லா வணிக வளாகம் திறக்கப்பட்டது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே ஆண்டில் அங்கு நிறுவியது. பெருநிலத்தில் பிறையும் தொழிற்பேட்டையாயிற்று. மலாய்க் கிராமங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் தோட்ட லயங்களிலிருந்தும் இளம்பெண்கள் வேலைக்கு வந்தனர். நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லோடு இணைப்பது அவர்களுடைய பணி. 1985இல் பாலம் திறக்கும்வரை பெருநிலத்திலிருந்து தீவிற்குச் செல்ல ஃபெர்ரி ஒன்றே வழி. அட்டவணையின் 32 என்னும் எண்ணுக்குள் இப்பெண்களின் கண்பார்வையும் இரவு ஷிப்டும் அடங்கியிருந்தன.

இங்கு ‘பங்கு’ என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்த்தல் வேண்டும். அது விற்ற பொருளின் முழு மதிப்பில் கணக்கிடப்படுவதன்று; கூட்டிய மதிப்பில் கணக்கிடப்படுவது. எடுத்துக்காட்டாக, 80 வெள்ளிப் பொருள்களை வாங்கிப் பொதியிட்டுச் சோதித்து 100 வெள்ளிக்கு அனுப்பினால், ஏற்றுமதிப் பட்டியலில் 100 எழுதப்படும். கூட்டிய மதிப்பு 20 மட்டுமே. ஏற்றுமதியில் ஓங்கி நிற்கும் துறை உற்பத்திப் பங்கில் சற்றுத் தாழ்ந்து தோன்றுவதற்கு இஃது ஒரு காரணம். அந்த 20க்குள் தொழிலாளியின் ஊதியமும் உண்டு. வெளிநாட்டு உரிமையாளர்க்குச் செல்லும் இலாபமும் உண்டு. அட்டவணை இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

கழித்தலிலும் ஒரு குறை உண்டு. ஆலை விலை கொடுத்து வாங்கிய பொருளே கழிக்கப்படும். விலை கொடாமல் எடுத்துக்கொண்டது கழிக்கப்படாது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜுரு ஆற்றில் கலந்தது. கோல ஜுரு மீனவரின் பிடிப்பு வீழ்ந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்கள் குரலை வெளியே கொண்டுவந்தது. மீனவர் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் சிப்பி வளர்க்கத் தலைப்பட்டனர். இழந்த மீன் எந்த ஆலையின் கூட்டிய மதிப்பிலிருந்தும் கழிக்கப்படவில்லை. விழுக்காடு உயர்ந்ததும் ஆறு கறுத்ததும் ஒரே காலத்தின் செய்திகள். ஒன்றுக்கு மட்டுமே பாடநூலில் இடம் கிடைத்தது. இதனை நாம் வருத்தத்துடனேயே கூறுகிறோம்.

ஆசிரியர்கள் மனங்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று. 2008இல் வெளியான நான்காம் திருத்தம் எண்களை மாற்றிவிட்டது. சில்லும் கணினியும் இப்போது 26ஆம் பிரிவில் உள்ளன. முன்பு பொது இயந்திரத்தைக் குறித்த 29 இன்று மோட்டார் வண்டியைக் குறிக்கிறது. பழைய 31க்கு உரிய இடத்தில் இன்று அறைகலன்கள் உள்ளன. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2008ஆம் ஆண்டுப் பகுப்பும் இத்திருத்தத்தையே தழுவியது. பழைய அட்டவணையின் 29ஐப் புதிய அட்டவணையின் 29உடன் ஒப்பிடும் மாணவர், இயந்திரத்தைக் காரோடு ஒப்பிட்டுவிட்டு வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ எழுதுவார். அக்கட்டுரையில் இலக்கணப் பிழை ஒன்றும் இராது என்பதே நமக்கு அச்சம் தருவது.

மீண்டும் ஆட்டோ சிட்டிக்கு வருவோம். அங்கு நிற்கும் ஒரு வண்டியினுள் பாயான் லெப்பாஸில் பொதியிட்ட சில்லு ஒன்று இருக்கக்கூடும். அச்சில்லின் கூட்டிய மதிப்பு பினாங்கில் மின்னணுப் பொருளாக எண்ணப்பட்டது. வண்டியைப் பொருத்திய ஆலையில் சில்லின் விலை கழிக்கப்பட்டு, எஞ்சியது மோட்டார் வண்டிப் பிரிவில் சேர்ந்தது. காட்சிக்கூடத்தில் அதனை விற்பவரின் உழைப்பு மூன்றாவதாக வணிகக் கணக்கிற்குச் செல்கிறது.